‘யார் அவன்?’ - 50 லட்சம் பேர் கேட்ட கேள்வி

2020 நவம்பர் 2-ம் தேதி. தென்கொரியாவின் சுவோன் நகர நீதிமன்றத்தில் 57 வயதுக் கைதி ஒருவன் சாட்சி சொல்ல வந்து நின்றான். பெயர் லீ சுன்-ஜே. குற்றவாளியாக அல்ல, சாட்சியாக வந்திருப்பதால் அவனைப் படம் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹ்வாசோங் பகுதியில் 1986-க்கும் 1991-க்கும் இடையே பத்துப் பெண்களைக் கொன்றது தான்தான் என்று அங்கே வாய்திறந்து சொன்னான். அந்தக் கொலைகளை வைத்து எடுத்த சினிமாவைப் பார்த்தாயா என்ற கேள்வியும் வந்தது. சிறையில் இருந்தபோது பார்த்ததாகவும், மற்ற படங்களைப் போலத்தான் அதையும் பார்த்ததாகவும், தனிப்பட்ட உணர்ச்சி எதுவும் வரவில்லை என்றும் பதில் சொன்னான்.

அந்தப் படம் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. 2003-ல் வெளிவந்தபோது அதன் இயக்குநர் போங் ஜூன்-ஹோவுக்கு அது இரண்டாவது முழுநீளப் படம்தான். கொலைகாரன் அப்போது பிடிபட்டிருக்கவில்லை. உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது. ஆனால், இருந்தால் இந்தப் படத்தை நிச்சயம் பார்க்க வருவான் என்று போங் நம்பினார். அந்த ஒருவனை மனதில் வைத்தே கடைசி ஷாட்டை அமைத்தார்.

பார்த்தவர்களுக்கு அந்த ஷாட் மறக்காது. முதல் பிணம் கிடந்த வயலோரக் கால்வாயைப் பல வருடம் கழித்துக் கடந்துபோகிறார் பார்க் டூ-மான். ஒருகாலத்தில் உள்ளூர்த் துப்பறியும் போலீஸ். இப்போது ஜூஸ் மிஷின் விற்கிற வியாபாரி. வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து உள்ளே பார்க்கிறார். பக்கத்தில் வந்து நிற்கும் சிறுமி, கொஞ்ச நாள் முன்னால் இன்னொரு ஆளும் இப்படித்தான் எட்டிப் பார்த்தார் என்கிறாள். ரொம்ப நாளைக்கு முன் இங்கே தான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்ததால் பார்க்க வந்தேன் என்று சொன்னாராம். ஆள் எப்படி இருந்தார்? சாதாரணமாக, எல்லாரையும் போலத்தான். பார்க் தலையைத் திருப்பி கேமராவுக்குள் பார்க்கிறார். நடிகர் சாங் காங்-ஹோவின் கண்கள் கலங்கிச் சிவந்திருக்கின்றன. தியேட்டரில் எங்கோ உட்கார்ந்திருக்கும் கொலைகாரன் அந்தக் கண்களைச் சந்திக்க வேண்டும் என்பதுதான் போங்கின் எண்ணம்.

அந்தப் பார்வை கடைசியில் அவனைச் சென்று சேர்ந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்தப் படத்தின் ரசிகர் எதிர்வினையைப் பற்றிப் பேசும்போது அவனை ஒதுக்கிவிட்டு மற்றவர்களைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால், அந்தப் பார்வை நம்மீதும் விழுகிறது. இருபது வருடங்களாக இந்தப் படத்தை நாம் பார்த்த விதத்தில் பேசப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

2003-ல் கொரியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒருவர் பார்த்த கணக்கு. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் விழாவில் போங்குக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய விளைவு, மறந்துபோன வழக்கு திரும்பவும் வீட்டுக்கு வீடு பேச்சானதுதான். கொலைக்கு அப்போது அங்கே 15 வருடக் காலவரம்பு. கடைசிக் கொலை நடந்தது 1991 ஏப்ரலில். 2006 ஏப்ரலோடு கதவு மூடிவிடும். படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தேதி கடந்தது. கொலைக்கான காலவரம்பை 2007-ல் 25 வருடமாக நீட்டி, 2015-ல் அடியோடு எடுத்தார்கள். ஹ்வாசோங் வழக்குகளுக்கு அது பின்னோக்கிச் செல்லவில்லை.

படம் பார்த்தவர்கள் மத்தியில் அன்று தொடங்கி இன்றும் ஓயாத சண்டை, மூன்றாவது சந்தேக நபர் பற்றியது. பார்க் ஹியோன்-க்யு என்கிற ஆலைத் தொழிலாளி. நடித்தவர் பார்க் ஹே-இல். வெளுத்த முகம், மென்மையான கைகள். மழை பெய்கிற இரவுகளில் ரேடியோவில் ஒரு குறிப்பிட்ட சோகப் பாட்டைக் கேட்டு எழுதுகிறவர். அந்தப் பாட்டு ஒலிபரப்பான இரவுகளில்தான் கொலை விழுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது, ஸ்டேஷனில் காபி கொடுக்க மட்டுமே பயன்படுத்தப்படும் பெண் போலீஸ் க்வோன் க்வி-ஓக். ஆதாரம் அந்தத் தொழிலாளியை நோக்கியே நகர்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் டி.என்.ஏ. அறிக்கையோ பொருந்தவில்லை என்கிறது. படம் அங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் ரசிகர்கள் ஏற்கவில்லை. ‘அறிக்கை தப்பாக இருக்கும், அவன்தான், அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா’ என்று இன்றுவரை வாதாடுகிறவர்கள் உண்டு. 2019-ல் நிஜக் கொலைகாரனின் பழைய புகைப்படம் வெளியானபோது அதைப் பார்க் ஹே-இல்லின் முகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பது படத்துக்குள் பார்க் டூ-மான் சொல்கிற வாதம்! சந்தேக நபர்களின் போட்டோக்களை நோட்டில் ஒட்டிவைத்து, கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டுகிறவர் அவர். ஆரம்பத்தில் ஒரு காட்சி உண்டு. ஸ்டேஷனில் இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் பலாத்காரம் செய்து பிடிபட்டவன். மற்றவன் அந்தப் பெண்ணின் அண்ணன். யார் எவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல் பார்ப்போம் என்கிறார் மேலதிகாரி. பார்க் உற்றுப் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம். படம் விடை சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து நாம் எதைச் செய்யப்போகிறோம் என்பதை அங்கேயே சொல்லிவிட்டார் போங்.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீரியல் கில்லர் படத்தில் இவ்வளவு சிரிப்பு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. கொலை நடந்த வயலில் கிடைத்த ஒரே காலடித் தடத்தின்மீது டிராக்டர் ஏறிப் போகிறது. அதிகாரி ஒருவர் வரப்பிலிருந்து உருண்டு விழுகிறார். ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே ஓடி விளையாடுகிறார்கள். சியோலிலிருந்து வரும் துப்பறிவாளர் சியோ டே-யூனைக் குற்றவாளி என்று நினைத்துப் பறந்து வந்து உதைக்கிறார் பார்க். எல்லாரும் சிரிக்கிறோம். அடுத்ததாக, மூளை வளர்ச்சி குறைந்த பேக் குவாங்-ஹோ என்கிற பையனைப் பிடித்து வந்து ஸ்டேஷனின் அடித்தளத்தில் வைத்து உதைக்கிறார் பார்க்கின் சக போலீஸ் சோ யோங்-கு. உதைப்பதற்கு முன் பூட்ஸுக்கு மேலே துணி உறையை மாட்டிக்கொள்கிறார், காயம் தெரியக் கூடாதே. அவனுடைய ஷூவை எடுத்துப்போய் வயல் சேற்றில் அழுத்தித் தடயம் தயாரிக்கிறார் பார்க். அடித்து முடித்ததும் அதே பையனோடு உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே டி.வி.யில் துப்பறியும் தொடர் பார்த்து ரசிக்கிறார்கள். இதற்கும் தியேட்டர் சிரித்தது.

அந்தச் சிரிப்பு தற்செயலானதல்ல. 1980-களின் கொரியாவை அறிந்தவர்களுக்கு அந்த அடித்தளம் எது என்று தெரியும். சுன் டூ-ஹ்வானின் ராணுவச் சர்வாதிகாரம். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற பல்கலைக்கழக மாணவர் போலீஸின் தண்ணீர்ச் சித்திரவதையில் இறந்தார். அதை மூடி மறைக்க நடந்த முயற்சி அம்பலமானதும் ஜூனில் நாடே தெருவுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம் புச்சோன் ஸ்டேஷனில் ஒரு தொழிற்சங்கப் பெண்ணைப் பாலியல் சித்திரவதை செய்த துப்பறிவாளனைப் பற்றிய செய்தி, படத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை டி.வி.யில் ஓடுகிறது. மாணவர்கள் அதைப் பார்த்துப் போலீஸைத் திட்டுகிறார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சோ அவர்கள்மீது பாய்கிறார். கைகலப்பில் குவாங்-ஹோ ஆணி அடித்த கட்டையை எடுத்து அவர் காலில் அடித்துவிடுகிறான். துருப்பிடித்த ஆணி. இத்தனை பேரை உதைத்த அந்தக் காலை டெட்டனஸ் வந்து வெட்டி எடுக்கிறார்கள். கொலைகாரனைச் சுற்றி வளைக்கப் படை கேட்கும்போது, எல்லாரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்ற பதில் வருகிறது. வான் தாக்குதல் ஒத்திகைக்காக ஊரே விளக்கணைத்துக் கதவடைத்த இரவில்தான் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்படுகிறாள்.

அந்த மாணவிக்காகத்தான் தியேட்டர் நிறம் மாறுகிறது. பள்ளியில் விசாரிக்கப் போனபோது சியோ அவளுக்கு பிளாஸ்திரி ஒட்டிவிட்டிருப்பார். பிணத்தில் அந்தப் பிளாஸ்திரியைப் பார்க்கிறார். ஆவணம் பொய் சொல்லாது என்று படம் முழுக்கச் சொல்லிவந்த மனிதர், மழையில் ரயில் சுரங்கத்தின் வாயில் வரை பார்க் ஹியோன்-க்யுவை இழுத்துப்போய்த் துப்பாக்கியை நெற்றியில் வைக்கிறார். சற்று நேரம் முன்பு உதையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது ‘சுடு’ என்று மனதுக்குள் கத்துகிறார்கள். அறிக்கை வந்து, அது பொருந்தவில்லை என்று படித்த பிறகும் அவர் சுடுகிறார். ரயில் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. பார்க் டூ-மான் இடையே புகுந்து, அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்து, எனக்குத் தெரியவில்லை என்கிறார். படத்தில் அவர் சொல்கிற முதல் நேர்மையான வார்த்தை அது.

நம் ஊரில் இந்தப் படத்தைத் திரையிட்ட ஒரு கூட்டத்தில் இருந்தேன். விளக்கு எரிந்ததும் ஓர் இளைஞர் எழுந்து, “ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்காந்து பாத்தும் கில்லர் யாருன்னே சொல்லலையே சார்” என்றார். நியாயமான ஏமாற்றம்தான். ‘சிகப்பு ரோஜாக்கள்’ காலத்திலிருந்து ‘ராட்சசன்’, ‘போர் தொழில்’ வரை கொலைகாரனின் முகத்தைக் காட்டி, அவனுக்கொரு பிள்ளைப்பருவக் கதையும் சொல்லி, கடைசியில் அவனை வீழ்த்திக் காட்டிய படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பின்வரிசையிலிருந்த ஒரு பெண்மணி அவருக்குப் பதில் சொல்வதுபோலக் கேட்டார்: “அது இருக்கட்டும் தம்பி, ரயில்ல அடிபட்டுச் செத்தானே அந்தப் பையன், அவனுக்கு யாரு பதில் சொல்றது?” குவாங்-ஹோவைத்தான் கேட்டார். அவன் கொலையை நேரில் பார்த்த சாட்சி. அடித்தவர்களுக்குப் பயந்து ஓடித்தான் தண்டவாளத்தில் நின்றான்.

அவர் கேட்டது வெறும் சினிமாக் கேள்வி அல்ல என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு நிற்கும் போட்டோவுக்கு நம் போன்களில் எத்தனை கைதட்டல் விழுகிறது! குற்றம் கொடூரமாக இருக்க இருக்க, பிடிபட்டவன் அவன்தானா என்று கேட்கிற பொறுமை நமக்குக் குறைகிறது. அந்த அவசரத்தில்தான் லாக்கப்பின் கதவு சாத்தப்படுகிறது. ‘விசாரணை’ படத்தைப் பார்த்துக் கலங்கிய நாமும் மறுநாள் காலை அந்த போட்டோவுக்குக் கைதட்டுகிறோம்.

2019 செப்டம்பரில் கொரியப் போலீஸ் அறிவித்தது: பாதுகாத்து வைத்திருந்த பொருட்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ., 1994-ல் மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனையில் இருக்கும் லீ சுன்-ஜேவுடையதோடு பொருந்துகிறது. போங்கின் ‘பாரசைட்’ கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உலகமே அவருடைய பழைய படத்தைத் தேடிப் பார்த்தது. அந்த முகத்தை எப்படியாவது பார்க்க வேண்டும் என்று படம் எடுக்கும்போது தவித்ததாகவும், கடைசியில் போட்டோவில் பார்த்துவிட்டதாகவும் போங் சொன்னார். புதிர் முடிந்துவிட்டது என்பதுதான் உலகெங்கும் ரசிகர்களின் பேச்சாக இருந்தது.

ஹ்வாசோங்கில் அப்போதுதான் இன்னொன்று திறந்தது. பத்துக் கொலைகளில் எட்டாவது, தீர்ந்த வழக்காகவே இருந்துவந்தது. 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி தன் வீட்டு அறையிலேயே கொல்லப்பட்டாள். மற்றவற்றைப் பார்த்து யாரோ செய்த கொலை என்று முடிவு கட்டி, 1989 ஜூலையில் விவசாய இயந்திரம் பழுதுபார்க்கும் 22 வயது இளைஞரைப் பிடித்தார்கள். சிறுவயதில் போலியோ தாக்கிக் கால் ஊனமானவர். நாள்கணக்கில் தூங்க விடாமல் வைத்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனதாக அதில் எழுதியிருந்தது. அந்தக் காலால்! சம்பவ இடத்தில் கிடைத்த முடியை ஆராய்ந்து அவருடையதுதான் என்று தடயவியல் நிறுவனமும் சொல்லிவிட்டது. ஆயுள் தண்டனை, பிறகு குறைக்கப்பட்டு, 2009-ல் பரோலில் வந்தார். எட்டாவதையும் நான்தான் செய்தேன் என்று லீ சொல்லும்வரை 30 வருடங்கள் அவர் கொலைகாரர். லீ சுவோனில் சாட்சி சொன்னது அவருடைய மறுவிசாரணையில்தான். 2020 டிசம்பர் 17-ல் நீதிமன்றம் அவரை நிரபராதி என்று விடுவித்தது. தடயவியல் முடிவின் பிழையையும் நீதிமன்றம் ஏற்றது. நீதித்துறையின் சார்பில் நீதிபதி மன்னிப்புக் கேட்டார்.

50 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி ‘யார் அவன்?’ என்று கேட்ட 2003-ல், ‘இவர்தான்’ என்று முடிவு கட்டப்பட்ட ஒருவர் சிறைக்குள் இருந்தார். படத்தின் கிராமத்துப் போலீஸ் முகத்தை நம்பியது, நகரத்துப் போலீஸ் காகிதத்தை நம்பியது. நிஜ வழக்கில் இரண்டும் பொய்த்தன. கொலைகாரனின் ரத்தம் ‘பி’ வகை என்று போலீஸ் நம்பியிருந்தது. லீயின் ரத்தம் ‘ஓ’. அவனை விசாரித்திருக்கிறார்கள், விட்டிருக்கிறார்கள். துப்பறிவாளர்களை அடிக்கடி எதிரில் சந்தித்ததாகவும், அவர்கள் தன்னிடம் மற்றவர்களைப் பற்றியே விசாரித்ததாகவும் அவன் நீதிமன்றத்தில் சொன்னான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்ட வழக்கு இது. அடி தாங்காமல், அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் அவர்களில் உண்டு. கொலைகாரனின் கணக்கில் அவர்கள் சேரமாட்டார்கள்.

விசாரணை இன்னொரு வீட்டுக்கும் போனது. 1989-ல் பள்ளியிலிருந்து திரும்பும்போது காணாமல் போன சிறுமி ஒருத்தி. தொலைந்துபோனவள் என்ற பட்டியலிலேயே 30 வருடம் இருந்தாள். அவளையும் கொன்றதாக லீ ஒப்புக்கொண்ட பிறகு கிளறியபோது, அவளுடைய உடைமைகள் அப்போதே கண்டெடுக்கப்பட்டன என்பதும், அன்றைய போலீஸாரே தடயங்களை மறைத்ததாகச் சந்தேகிக்க இடமிருப்பதும் வெளிவந்தன. காலவரம்பு முடிந்துவிட்டதால் அவர்களைத் தண்டிக்க வழியில்லை. பெற்றோர் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. மகனுக்குத்தான் தீர்ப்பு சொல்லப்பட்டது.

படத்தின்மீது ஒரு குறையும் எனக்கு உண்டு. கொல்லப்பட்ட பெண்கள் அதில் பெரும்பாலும் பிணங்களாகவே வருகிறார்கள். பெயரோடும் பேச்சோடும் நமக்கு நெருங்குகிறவள் அந்தப் பள்ளி மாணவி மட்டும்தான். தப்பிப் பிழைத்து மலையோர வீட்டில் ஒதுங்கி வாழும் பெண் ஒருத்தி, க்வி-ஓக்கிடம் மட்டும் வாய்திறக்கிறாள். ஆண் போலீஸ்காரர்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. அவள் சொல்கிற ஒரு விவரம்தான், கையின் மென்மை, விசாரணையைத் திருப்புகிறது. அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். படத்தில் வரும் சிவப்பு உடை, மழை, பாட்டு என்று ரசிகர்கள் விடிய விடியப் பேசுகிற எல்லாமே கொலைகாரனைப் பற்றியவை. அந்த ஐந்து வருடம் இருட்டியபின் வயல்வரப்பில் நடந்து வீடு திரும்ப வேண்டியிருந்த ஆலைப் பெண்களைப் பற்றிய பேச்சு அரிது.

ஹ்வாசோங் மக்களின் எதிர்வினையும் வேறு மாதிரி. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகளும் ஆலைகளும் வந்துவிட்டன. ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்கிறவர் கொலையைத்தான் நினைக்கிறார் என்ற வருத்தம் அவர்களுக்குத் தீரவில்லை. ஆள் அடையாளம் தெரிந்ததும் அவர்கள் வைத்த கோரிக்கை, வழக்கின் பெயரிலிருந்து எங்கள் ஊரை எடுங்கள் என்பது. நகர மன்றமும் அதையே வலியுறுத்தியது. 2019 டிசம்பரில் போலீஸ் அதை ஏற்று, ‘ஹ்வாசோங் தொடர் கொலை வழக்கு’ என்பதை ‘லீ சுன்-ஜே தொடர் கொலை வழக்கு’ என்று மாற்றியது. அடுத்த வருடம் ஜூலையில், அந்தப் பத்தையும் சேர்த்து 14 கொலைகளை அவன் செய்ததாக அறிவித்து விசாரணையை முடித்துக்கொண்டபோது, தவறாகப் பிடிக்கப்பட்டவர்களிடமும் பலியானவர்களின் குடும்பங்களிடமும் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. அந்த 14 கொலைகளில் ஒன்றுக்காகக்கூட லீமீது இனி வழக்குத் தொடர முடியாது. 1994-ன் கொலைக்காக மட்டும் அவன் சிறையில் இருக்கிறான்.